நான்கு கட்டங்களில் ஒரு பெயர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. ஏற்காட்டில், 1989 ஐப்பசியில், பட்டப்பகலில்.

காவேரி ஒரு காப்பி எஸ்டேட் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். மூட்டைகளில் கட்டும் அட்டையைத் தமிழில் அச்சடிக்க வேண்டும் என்றார் முதலாளி. அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் இல்லை. அவளே எழுத்துகளைச் செய்தாள். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலத்தில் கட்டம். கட்டத்துக்குள் பச்சைப் புள்ளிகள். ‘ண’ இடமில்லாமல் நெருங்கி நின்றது. ‘ர’ காலை அகட்டி நின்றது.

சரிபார்க்கத் திரையில் இரண்டு வரி அடிப்பாள். மேலே புருஷன் பெயர், சித்தன். கீழே பிறந்த ஊர், செம்மநத்தம்.

“ஊட்டுக்காரர் பேரை வாயால சொல்ல மாட்டே. இதுல மட்டும் எழுதுவியா கண்ணு?” என்றார் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் கோவிந்தராஜ்.

“வாயால சொன்னாத்தானுங்க ஆயுசு கொறையும்.”

அன்று சித்தன் எஸ்டேட் ஜீப்பில் உரம் ஏற்றிவரக் குப்பனூர் ரோட்டில் மலையிறங்கிப் போயிருந்தான். மதியச் சாப்பாட்டுக்கு வர வேண்டியவன். மூன்று மணிக்கும் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம். தகரக் கூரையில் மழை.

அப்போதுதான் பார்த்தாள். சித்தனில் ‘த’வில் ஒரு புள்ளி இல்லை.

கீழே செம்மநத்தத்தில் அதே ‘த’ முழுசாக இருந்தது.

அப்படி நடக்காது. ஓர் எழுத்தை ஒரு முறைதான் வரைகிறோம். குறைந்தால் எல்லா இடத்திலும் குறைய வேண்டும்.

இன்னொரு புள்ளி போனது. பிறகு ‘சி’யில் ஒன்று...

“ஏனுங்க, இங்க பாருங்க.”

கோவிந்தராஜ் குனிந்து பார்த்தார். “மிஷினுக்குச் சளி புடிச்சிருக்கும். நொம்ப ஈரம்.”

“குப்பனூருக்கு ஒரு போன் போடுங்க.”

“காத்தால இருந்தே லைன் இல்லியே கண்ணு.”

பெயரில் பாதிதான் மிச்சம். அழித்துவிட்டு அடித்தாள். நான்கு எழுத்தும் முழுசாக வந்தன.

உதிர்ந்தன. இப்போது வேகமாக.

மறுபடி அடித்தாள். வந்தது.

உதிர்ந்தது...

‘சி’ அடித்தாள்.

டப்.

கரண்ட் போனது.

கறுப்புத் திரையில் அவள் முகம். இனி வாய்தான் இருந்தது. திறந்தாள்.

சொல்லவில்லை. சொல்லக் கூடாது.

ஜீப் ஒரு வளைவுக்குக் கீழே கிடந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருவர் வந்தார். பெயர் வெள்ளையன். விறகு வெட்டப் போனவர். சித்தனைக் கடைசியில் மடியில் வைத்திருந்தது அவர்தான்.

“மூச்சு நின்னுபோச்சு அம்மிணி. சரி, முடிஞ்சுதுன்னு கண்ணை மூடிவிட்டேன். திரும்ப வந்துச்சு. மறுக்கா நின்னுச்சு. மறுக்காவும் வந்துச்சு. யாரோ மேல இருந்து இழுத்துப் புடிக்கிறாப்ல...”

“அப்புறமுங்க?”

“மூணாவதும் வர்றாப்லதான் இருந்துச்சு. பாதியில நின்னுருச்சு.” அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். “பேரு தெரிஞ்சிருந்தா சத்தமாக் கூப்புட்டிருப்பேனுங்க.”