ஒரே ரத்தம் என்றார்கள்

என் கணவர் எனக்குத் தாய்மாமன். அம்மாவின் ஒரே தம்பி. கர்நாடகத்தில் ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இது அதிசயமில்லை. மாமன் இருக்க வெளியில் மாப்பிள்ளை தேடினால்தான் ஊர் வாயில் விழவேண்டும். அதனால் என் சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டு, மைசூரில் டயாலிசிஸ் ஆரம்பித்தபோது வீட்டில் யாரும் பெரிதாகக் கலங்கவில்லை. மண்டி மொஹல்லாவில் வெங்காய வியாபாரம் செய்யும் மாமா, "எங்கிட்ட ரெண்டு இருக்குதல்ல, ஒண்ணை எடுத்துக்கிட்டும்" என்று சொல்லிவிட்டார். அம்மா ஒரு படி மேலே போனாள்.

"என் தம்பியோடது என் மவளுக்குச் சேராம வேற யாருக்குச் சேரும்? ஒரே ரத்தம்."

கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் பரிசோதித்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். குண்டலுபேட்டையில் காய்கறி வியாபாரம் பார்க்கும் தம்பி ஒருவன் எனக்கு இருக்கிறான். "அதெல்லாம் எதுக்குங்க" என்று அம்மா கையை ஆட்டிவிட்டாள். அனுமதி, பரிசோதனை என்று மாதங்கள் ஓடின. கடைசியில் என் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில் மாமாவின் வெள்ளணுக்களைப் போட்டுப் பார்த்தார்கள். அவை செத்துப்போயின. இவருடைய சிறுநீரகத்தை வைத்தால் என் உடம்பு உடனே அழித்துவிடும் என்றார் டாக்டர்.

எப்படி என்று கேட்டேன். கன்னடத்தில் பொறுமையாக விளக்கினார். உடம்பில் கோடிக்கணக்கான அணுக்கள் காவலிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் அடையாளம்தான் தெரியும். அந்த அடையாளத்தோடு ஒரு கிருமி வந்தால், அதைத் தெரிந்த அணு பலவாகப் பெருகும். சில, கிருமி புகுந்த அணுவையே அழிக்கும். சில அந்தக் கிருமிக்கென்றே எதிர்ப்பொருளைச் சுரக்கும். முதல் தடவை இதற்கெல்லாம் நாளாகும், அதற்குள் காய்ச்சல் நம்மைப் படுத்தி எடுத்துவிடும். நோய் தீர்ந்ததும் பெரும்பாலான அணுக்கள் செத்துவிட, சில மட்டும் நினைவோடு தங்கிவிடும். அதே கிருமி மறுபடி வந்தால் தலையெடுக்கவே விடாது. தடுப்பூசி போடுவதே இந்த நினைவுக்காகத்தான்.

"இவர் என்ன கிருமியா? இவரை என் உடம்பு எப்போது பார்த்தது?" என்று கேட்டேன்.

"கர்ப்பத்தில்" என்றார். பிள்ளையில் பாதி தகப்பனுடையது. பிரசவத்திலும் கரு கலையும்போதும் பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலந்துவிடும். சில பெண்களின் உடம்பு அதை அந்நியம் என்று குறித்துக்கொள்ளும். கர்ப்பம் கூடக்கூட அந்த ஆபத்தும் கூடும். மாமனே ஆனாலும், பெற்றவர்களிடமிருந்து அம்மாவுக்கு வந்த பங்கும் அவருக்கு வந்த பங்கும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லையாம்.

எனக்கு இரண்டு பெண்கள். அதோடு போதும் என்று நான் சொன்னேன். "என் தம்பி வம்சம் நிக்க வேண்டாமா?" என்று அம்மா விடவில்லை. அவள் நேர்ந்துகொள்ளாத கோயில் இல்லை. அதன் பிறகு மூன்று கர்ப்பம், மூன்றும் கலைந்தன. ஒவ்வொன்றிலும் என் உடம்பு பாடம் படித்துக்கொண்டிருந்திருக்கிறது. வராத பையனுக்காக, கிடைக்க இருந்த சிறுநீரகமும் போயிற்று.

மாமா அன்று சாப்பிடவில்லை. "நான் உனக்கு ஆகாதவனாப் போயிட்டனா புள்ள?" என்று மட்டும் கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

கல்லூரிக் கடைசி வருஷம் படிக்கும் மூத்த மகள், தான் தருவதாக வந்து நின்றாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அவள் அணுக்களும் என் ரத்தத்தில் செத்தன. அவளிடம் இருப்பது அவள் அப்பாவின் அதே அடையாளம். கோபமோ அழுகையோ, அவளுக்குக் கன்னடத்தில்தான் வரும். அன்று தமிழில் கேட்டாள்.

"உன் வயித்துல இருந்தவதானேம்மா நானு?"

சின்னவளுக்கு வயது போதாது, அம்மாவுக்கு வயது தாண்டிவிட்டது. இனி மிச்சம் தம்பிதான். அவனுடையது பொருந்த வாய்ப்பு உண்டு, உடனே வரச் சொல்லுங்கள் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவிடம் சொன்னேன். அவள் விபூதியை என் நெற்றியில் பூசிவிட்டு, மெதுவாக ஆரம்பித்தாள்.

"அவனக் கேக்காத சாமி. அவனுக்கு இப்பத்தான் பையன் பொறந்திருக்கறான்."

நான் அவள் எதிரிலேயே தம்பிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். லாரிச் சத்தத்துக்கு நடுவே பேசினான்.

"நான் வர்றதுக்கு என்னக்கா" என்றான். "அம்மாவ ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். அவங்க சரின்னா நாளைக்கே வர்றேன்."

போனை அம்மாவிடம் நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.