ஆனையூர்க் கண்மாயில் ஒரு கடற்காகம்

“கார்த்திகை கடைசி ஞாயிறு, காலை. ஆனையூர்க் கண்மாய். நாமக்கோழி நிறைய. ஊசிவால் வாத்து சில. மீசை ஆலாக்கள் பறந்தபடி இருந்தன. கடற்காகம் ஒன்று (நண்பர் பார்த்தது, நான் பார்க்கவில்லை).”

சென்ற ஆண்டு எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு நான் அனுப்பிய குறிப்பு இது. யார் பார்த்தார், யார் பார்க்கவில்லை என்பதை அடைப்புக்குறிக்குள் எழுதுவது என் வழக்கம். நான் படித்த பழைய பறவைக் குறிப்புகளில் நம்பத் தகுந்தவை எல்லாம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த வரியை இன்றைக்கும் மாற்ற மாட்டேன்.

நண்பர் ஆரப்பாளையத்தில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். குளிர்காலத்தில் ஞாயிறு காலை என்றால் நாங்கள் இருவரும் கண்மாய்க் கரையில்தான் இருப்போம். அப்போது அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. தீபாவளி வியாபாரம் முடியட்டும், பொங்கல் போகட்டும் என்று ஆபரேஷனைத் தள்ளிக்கொண்டே வந்தார். கடற்காகமோ கடலோரப் பறவை, எங்கள் பக்கம் எப்போதாவதுதான் வந்து போகும். மீசை ஆலா அப்படியில்லை, சீசன் முழுக்க நீருக்கு மேலே சுற்றும். இரண்டும் வெள்ளையும் சாம்பலுமாகத்தான் இருக்கும். நல்ல கண்ணே தடுமாறும்.

அவர் பார்த்தது ஆலாவாக இருக்கலாம் என்று குழுவில் யாரும் சொல்லவில்லை. கரையில் டீக்கடை வைத்திருப்பவர் மறுவாரம் டீயை ஆற்றிக்கொண்டே நண்பரிடம், “அண்ணே, அந்தா மிதக்குது பாருங்க, உங்க கடற்காகம்” என்று கையைக் காட்டினார். மீன் பெட்டியிலிருந்து உடைந்து விழுந்த தெர்மாகோல் மூடி.

“தண்ணி ஆவியாகாம இருக்க வைகை டேம்ல மிதக்க விட்டாங்கள்ல, அதுல மிச்சம் போல மாப்ள” என்றார் பெஞ்சில் இருந்தவர்.

எல்லாரும் சிரித்தோம். நண்பரும் சிரித்தார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

போனில் கேட்டால், “கடையில சரக்கு எறங்குதுண்ணே” என்றார். ஞாயிறு அவர் கடைக்கு விடுமுறை. நேரில் போய் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“வெள்ளையா ஒண்ணைப் பாத்தா பறவையா குப்பையான்னு எனக்கே சந்தேகமா இருக்குண்ணே. அப்பறம் எதுக்கு அம்புட்டுத் தூரம் வரணும்? பைனாகுலரப் பீரோவுல பூட்டிட்டேன்.”

“அதைப் பூட்டி என்ன தம்பி செய்ய? கண்ணைத் தொறக்குற வழியப் பாருங்க” என்றேன்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் தனியாகத்தான் போனேன். ஆவணியில் அவருக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்தது, புரட்டாசியில் மற்றது.

இந்த ஆண்டு தை முதல் ஞாயிறு, சொல்லாமல் கொள்ளாமல் மங்கி குல்லாவோடு கரையில் வந்து நின்றார். பனி முழுதாக விலகவில்லை. கரைக்குச் சற்றுத் தள்ளி வலைக்காக நட்டிருந்த மூங்கில் கம்பில் வெள்ளையாக ஏதோ உட்கார்ந்திருந்தது. பைனாகுலரை எடுக்கப்போன என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பொறுங்கண்ணே. நான் சொல்றேன், அப்பறம் பாருங்க. அலகு செகப்பு. காலும் செகப்பு. ஆலாவை விடப் பெருசு. கண்ணுக்குப் பின்னால மை வச்ச மாதிரி ஒரு பொட்டு.”

பிறகு நான் பார்த்தேன். பொட்டு உட்பட அவர் சொன்ன அத்தனையும் சரி. சந்தேகமே இல்லாமல் கடற்காகம். ஒரு படம் எடுத்தேன். டீக்கடைக்காரர் கிளாஸும் கையுமாக ஓடி வருவதற்குள் அது கம்பை விட்டு எழுந்தது.

“தெர்மாகோல் பறக்குது, ஓடியாங்க!” என்று கத்தியவர் நண்பர்தான்.

டீ குடிக்கும்போது, “பறக்கையில றெக்கை நுனியக் கவனிச்சீங்களா? கருப்புக்குள்ள வெள்ளைப் புள்ளி. அப்ப அது பழுப்புத்தலை” என்றார். பழுப்புத்தலைக் கடற்காகத்துக்கும் கருந்தலைக் கடற்காகத்துக்கும் குளிர்காலத்தில் தலை வெளுத்துவிடும். சிறகு நுனியைக் கொண்டு பிரித்தறியலாம். அது எழுந்த நொடியில் நான் குனிந்து, அதற்கு முன் எடுத்த படத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். படத்திலும் சிறகு மடங்கித்தான் இருக்கிறது. நான் பார்க்கவில்லை என்று சொன்னேன்.

“எழுதுறதும் எழுதாததும் உங்க இஷ்டம்ணே. நான் பாத்தேன்” என்று சொல்லிவிட்டு இன்னொரு டீ கேட்டார். போன வருடம் அவர் இப்படிப் பேசியிருக்க மாட்டார்.

வந்தது கடற்காகம் என்பது உறுதி. அது பழுப்புத்தலை என்பது நண்பர் ஒருவர் மட்டும் பார்த்துச் சொன்னது. இதை எழுதும் நாள் வரை சரிபார்க்கப்படவில்லை.