நாலாவது மூலையில் பிரிந்த புகை

சத்தியமாக நடந்தது. நான் எதையும் ஊதிப் பெரிதாக்குகிற ஆள்தான். என் மனைவி மார்ஜரியைக் கேளுங்கள். ஆனால் இதில் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. சரி, ஒன்றிரண்டு.

மெல்போர்ன். 1978 பிப்ரவரி. பட்டப்பகல், தார்ச்சாலை பாகாய் இளகும் வெயில். விமானங்களைக் காற்றடித்துச் சோதிக்க, காற்று செவ்வகமாய்ச் சுற்றிவரும் எங்கள் ராட்சதக் காற்றுச் சுரங்கத்தின் நான்கு மூலைகளையும் மாற்றிப் புதுப்பிக்கத் திட்டம். புதியது எப்படி இருக்குமோ அப்படியே, பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் குட்டிச் சுரங்கம் ஒன்று செய்திருந்தோம். அதில் காற்று சீராக ஓடினால் அனுமதி. இல்லாவிட்டால் எல்லாவற்றையும் இழுத்து மூடிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை கெடு. அன்று வியாழன்.

காற்று சீராக ஓடவில்லை.

உள்ளே புகையை விட்டால், நாலாவது மூலையில் இரண்டாகப் பிரிந்தது. நடுவில் ஏதோ நிற்பதுபோல. கழற்றிப் பார்த்தோம். துடைத்தோம். ஒன்றுமில்லை. மறுபடி புகை... மறுபடி பிரிந்தது.

அந்த மாதிரியைச் செய்த டெஸ்மண்ட், அதன் கண்ணாடிச் சுவரில் புகைப் பிளவுக்கு நேராக அளவுகோலை வைத்தான்.

"அரை அடி உசரம், கிளைவ்."

"அதுக்கென்ன?"

"பன்னெண்டால பெருக்குடா, மடையா."

ஆறடி.

நான் தின்றுகொண்டிருந்த மீட் பை, உள்ளிருந்த இறைச்சியும் சாஸுமாக என் பூட்ஸில் விழுந்தது.

"சுரங்கத்துக்குள்ள எவனாவது செத்திருப்பானோ?" என்றான் டெஸ்மண்ட்.

"செத்தவன் பெரிய சுரங்கத்துல நிக்காம, இந்தப் பொம்மைக்குள்ள ஏன்டா வர்றான்?"

டெஸ்மண்ட் சிரிக்கவில்லை. அவனுக்கு ஐம்பத்தாறு வயது. இந்த வேலை போனால் வேறு எவனும் சேர்க்கமாட்டான். மண்டியிட்டு, முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டான்.

"ஐயா... யாரா இருந்தாலும் கொஞ்சம் நகருங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

மதியம் 2.17. விசிறி உறுமியது. ம்ம்ம்ம்...

புகையின் பிளவு அசைந்தது.

டக்.

ஒரு விரற்கடை.

டக்... டக்...

நடந்து வந்தது. கண்ணாடியை நோக்கி.

டெஸ்மண்டின் முகத்துக்கு நேரே நின்றது.

பிறகு... புகை நேராக ஓடியது.

என் தலையில் அப்போது எட்டு மயிர்தான். எட்டும் எழுந்து நின்றன.

சோதனை தேறியது. அனுமதி வந்தது. எல்லோர் வேலையும் தப்பியது.

அப்புறம் பழைய ஆட்களை ஒருவர் விடாமல் விசாரித்தேன். அந்தப் பெரிய சுரங்கத்தில் யாரும் செத்ததே இல்லை. ஓடிப்போய் டெஸ்மண்டிடம் சொன்னேன். அவன் முகம் வெளுத்தது.

"நாம செஞ்சது பழசோட மாதிரி இல்ல, கிளைவ். இனிமே வரப்போறதோட மாதிரி."

அந்தப் புதுச் சுரங்கமும் வந்துவிட்டது. இன்றும் ஓடுகிறது. நாலாவது மூலையைத் துடைக்க வாரம் ஒருவர் உள்ளே போகிறார்.

இதுவரை எல்லோரும் திரும்பி வந்திருக்கிறார்கள்.