முழங்கைக்கு அங்கே என்ன வேலை

டயகம தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். முழங்கை வீங்கியிருந்தது. என் எதிரே உட்கார்ந்தபோதும் அந்தக் கையின் இரண்டு விரல்கள் சேலை நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தன. விரல் இப்படி ஓடுகிறதே, சும்மா வீக்கம்தான் என்று களிம்பு எழுதப்போனேன். எதற்கும் கையை நீட்டச் சொன்னேன். நீட்ட முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். முழங்கை எலும்பு இரண்டு துண்டு.

“எப்ப விழுந்தீங்க?”

“திங்கக்கெழமைங்க. மலையில வழுக்கிருச்சு.”

அன்று வியாழன். “இத்தன நாளா என்ன செஞ்சீங்க?”

“தெனம் காலையில பெரட்டுல வேலைக்குப் பேரு குடுத்துட்டு கொழுந்துதாங்க எடுத்தேன்.”

“இந்தக் கையாலயா?” கத்தியே விட்டேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “கொழுந்த வெரல்தானேங்க எடுக்குது? மொழங்கைக்கு அங்க என்ன வேல?”

மாவுக்கட்டு போடும்போது அவர் முனகக்கூட இல்லை. கட்டு மணிக்கட்டைத் தாண்டியபோதுதான் பதறினார்.

“ஐயா, வெரல மூடிறாதீங்க!”