நாலாயிரத்துக்கு மேலே ஒரு ஏற்றம்

குலசேகரம் பக்கத்தில் செல்வதாஸ் என்று கேட்டால் எந்தச் செல்வதாஸ் என்று திருப்பிக் கேட்பார்கள். சத்தமில்லாத டிரைவர் என்று சொல்லிப் பாருங்கள், கையைப் பிடித்துக் கொண்டுபோய் வீட்டு முற்றத்தில் விட்டுவிடுவார்கள். ஒரு ரப்பர் எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருஷம் டீசல் ஜீப் ஓட்டிய மனுஷன் அவர். அத்தனை வருஷத்தில் அவருடைய ஜீப் உறுமி யாரும் கேட்டதில்லை.

அது சும்மா வந்த பேர் இல்லை. ஜீப்பின் பின்னால் இருந்தது ஆளா, பேரல் பேரலாக ரப்பர் பால். காலையில் மரத்தில் வெட்டி எடுத்த பாலை மலையில் ஏற்றி இறக்கித்தான் கொண்டுபோக வேண்டும். டிரைவர் கொஞ்சம் முரட்டுத்தனமாக மிதித்தால் வண்டி குதிக்கும், பால் தளும்பும், பாதி ரோட்டில் கொட்டும். பிறகு சூப்பர்வைசர் வாயிலிருந்து வருவதை எழுத்தில் போட முடியாது. அதனால் செல்வதாஸ் ஒரு முறை வைத்திருந்தார். ஃபர்ஸ்ட் கியரில் வண்டியை மெல்ல நகர்த்துவார், நகர்ந்த உடனே செகண்டுக்குத் தள்ளுவார், அப்புறம் காலுக்கு வேலையே இல்லை. டீசல் எஞ்சினுக்கு அடியிலேயே இழுவை உண்டு. முணுமுணுத்துக்கொண்டே அது பாட்டுக்கு ஏற்றம் முழுக்க ஏறிவிடும்.

‘எஞ்சின அழவைக்கவன் டிரைவரே இல்ல’ என்று டீக்கடையில் அவர் சொல்லாத நாள் குறைவு. மார்த்தாண்டம் ஜங்ஷனில் எவனாவது பையன் காரை அலறவிட்டுக்கொண்டு போனால் தன்னையே யாரோ கிள்ளியதுபோல முகத்தைச் சுளிப்பார். அப்படி ஒரு பிடிவாதம்.

2008-இல் எஸ்டேட் கை மாறியது. புது முதலாளி பால் எடுக்க லாரி ஏற்பாடு செய்துவிட்டார். ஜீப் போயிற்று, வேலையும் போயிற்று. வீட்டைச் சுற்றி ஒரு ஏக்கர் ரப்பர் இருந்ததால் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் காலை ஐந்து மணிக்கு எழுந்து சாவியைத் தேடுகிற பழக்கம் அத்தனை லேசில் போகுமா? எழுந்து உட்கார்ந்துவிட்டு, பிறகு திரும்பப் படுத்துக்கொள்வார்.

அடுத்த வருஷம் மழையில் அவர் மனைவி விக்டோரியா தோட்டத்தில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் மார்த்தாண்டத்துக்குப் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். போவது பெரிய காரியம் இல்லை, வீட்டுக்குத் திரும்பி வருவதுதான் காரியம். மெயின் ரோட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்கு ஒரு ஏற்றம் உண்டு. சிமெண்ட் போட்டதுதான், ஆனால் நடுவில் செங்குத்தாக ஒரு வளைவு. அந்த வளைவைக் கண்டால் ஆட்டோக்காரர்கள், வேற ஆளப் பாருங்க என்று வண்டியைத் திருப்பிவிடுவார்கள்.

அப்போதுதான் ஆன்றோ வந்தான். விக்டோரியாவின் தம்பி, மஸ்கட்டில் வேலை, கார் என்றால் சோறு வேண்டாம். 2005-இல் லீவுக்கு வந்தபோது ஆசைப்பட்டு ஒரு சிவப்பு கார் வாங்கி, புதுக்கடை வீட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தான். சின்ன வண்டி, பெட்ரோல் வண்டி, பின்னால் சிறகு மாதிரி ஒரு சாமான் வேறு. அக்கா விழுந்த செய்தி கேட்டு ஓடிவந்தவன், திரும்பிப் போகும்முன் சாவியை அத்தான் கையில் வைத்தான்.

“அத்தான், இத நல்லா மிதிச்சு ஓட்டணும். எஞ்சின் சுத்து காட்டுத முள்ளு நாலாயிரம் தாண்டினாத்தான் இதுக்கு உசிரு வரும்.”

“மக்கா, நீ எனக்கு வண்டி ஓட்டப் படிச்சுத் தாறியா?” என்று சிரித்தார் செல்வதாஸ். ஆன்றோவும் சிரித்துவிட்டு விமானம் ஏறினான்.

முதல் நாளே மானம் போயிற்று. பின்சீட்டில் விக்டோரியாவை வைத்துக்கொண்டு ஏற்றத்தைத் தொட்டார். ஃபர்ஸ்டில் மெல்ல நகர்த்தினார், செகண்டுக்குத் தள்ளினார். வளைவு வந்தது. வண்டி இரண்டு தடவை விக்கியது, நின்றது. நின்றதோடு விட்டதா, பின்னால் உருளவும் தொடங்கிவிட்டது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து நிறுத்தும்போது பின்சக்கரம் ஓடையோரம் வந்திருந்தது. விக்டோரியா கதவுக் கம்பியைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

ஊர் மெக்கானிக் குமாரதாஸ் வந்து பார்த்தான். பிளக்கைக் கழற்றிப் பார்த்தான், ஃபில்ட்டரைத் தட்டிப் பார்த்தான். அவனும் ஜீப்பும் லாரியும் பார்த்து வளர்ந்தவன்தானே. “வண்டில ஒரு குறையும் இல்ல அண்ணே. சின்ன எஞ்சின், இழுவை கெடையாது. காட்சிக்குக் கொள்ளாம், நம்ம மலைக்கு ஆகாது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனான். செல்வதாஸுக்கும் அதுதான் சரி என்று பட்டது.

அன்றிலிருந்து வண்டி ஏற்றத்தின் அடியிலேயே நிற்கும். விக்டோரியா ஊன்றுகோலோடு நடந்து ஏறுவாள். “டாக்டரு நடக்கத்தான சொன்னாரு, எனக்கு இது நல்லதாக்கும்” என்பாள். டாக்டர் நடக்கச் சொன்னது சமதரையில். இரண்டு மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவர் செல்வதாஸைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். இனி அந்த ஏற்றத்தை நடந்து ஏறினால் கம்பி தாங்காது, திரும்பவும் ஆபரேஷன்தான். வீட்டு வாசல் வரைக்கும் வண்டியில் கொண்டுபோ, இல்லையென்றால் ஆறு மாசம் வேறு வீட்டில் வை என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

வேறு வீடு என்றால் புதுக்கடையில் தம்பி வீடு. “நான் போறேன், நீங்க கவலப்படாதீங்க” என்றாள் விக்டோரியா. சொல்லிவிட்டு அறைக்குள் போய், துணிகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினாள். முப்பது வருஷத்தில் அவளை விட்டு இருந்தது அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்த நாட்கள்தான். இந்தச் சிவப்புக் காரை விற்றுவிட்டுப் பழைய டீசல் ஜீப் ஒன்று வாங்குவது, அதில் அவளை மேலே கொண்டுவருவது, அதுவரை ஆள் வைத்து நாற்காலியில் தூக்கி ஏற்றுவது என்று செல்வதாஸ் முடிவு செய்தார். மச்சினன் ஆசையாகக் கொடுத்த வண்டி. விற்கிறேன் என்று அவனிடம் போனில் சொல்லும்போது நாக்கு ஒத்துழைக்கவில்லை. அவனோ, சரி அத்தான், உங்க இஷ்டம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

மூன்றாம் நாள், அவர்கள் மார்த்தாண்டத்திலிருந்து திரும்பி வரும்போது ஏற்றத்தடியில் ஒரு ஆள் நின்றார். பெயர் டைட்டஸ், கார் வாங்க வந்ததாகச் சொன்னார். வண்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். விக்டோரியா இறங்கக் காலை எடுத்தாள்.

“நீங்க இரிங்க அக்கா, ஒரே நிமிஷம்” என்று டிரைவர் சீட்டில் ஏறினார் அந்த ஆள். செல்வதாஸ் பக்கத்தில் உட்கார்ந்தார். கை தானாகவே ஹேண்ட்பிரேக் மேல் போய்விட்டது.

டைட்டஸ் ஃபர்ஸ்ட் கியர் போட்டார். மிதித்தார். மிதித்தார் என்றால் அப்படி ஒரு மிதி. முள் மூவாயிரம் தாண்டியது, நாலாயிரம் தாண்டியது, எஞ்சின் தொண்டை கிழியக் கத்தியது. செல்வதாஸ் பல்லைக் கடித்தார். செகண்டுக்கு மாத்து மாத்து என்று மனசு கிடந்து அடித்தது. அந்த ஆள் மாற்றவே இல்லை. வளைவு வந்தது. ஐயாயிரத்தில் முள் நிற்க, கார் அந்த வளைவை ஏதோ சமதரைபோல ஏறிக் கடந்து வீட்டு முற்றத்தில் போய் நின்றது.

“என்ன ஓய், எஞ்சின இப்படிப் போட்டுக் கொல்லுதீரே” என்றார் செல்வதாஸ்.

“கொல்லவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதுக்க குரலே அதாக்கும். ஜீப்பு அடியில இழுக்கும். இது மேல போனாத்தான் இழுக்கும். நீங்க ஆயிரத்தில ஓட்டினா அது என்ன செய்யும், பாவம்.” டைட்டஸ் இறங்கிச் சாவியை நீட்டினார். “நல்ல வண்டி அண்ணே. விக்காதீங்க.”

சொல்லிவிட்டு ஏற்றத்தில் இறங்கி நடையைக் கட்டிவிட்டார். விலையும் கேட்கவில்லை, ஒரு டீயும் கேட்கவில்லை. செல்வதாஸ் சாவியும் கையுமாக நின்றார். வாங்க வந்தவன் எந்த ஊரிலாவது விக்காதே என்று சொல்லுவானா? மெல்லத் திரும்பி விக்டோரியாவைப் பார்த்தார். அவள் முகத்தில் ஆச்சரியத்தின் அறிகுறியே இல்லை. வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, யாரு அவன்?”

“ஆன்றோவுக்க கூட்டுக்காரன்” என்றாள் மெதுவாக. “நான்தான் அனுப்பச் சொன்னேன்.”

“அப்போ ஒனக்கு முன்னமே தெரியுமா?”

“வண்டி உருண்ட அன்னைக்கே ஆன்றோட்ட கேட்டேன். அத்தான மிதிக்கச் சொல்லுன்னான். நீ அவருட்ட ஒண்ணும் சொல்லப்பிடாதுன்னு நான்தான் அவனுக்க வாயக் கெட்டினேன்.”

“பின்ன என்னத்துக்கு நடந்து செத்த? எனக்க மொகத்தப் பாத்துச் சொல்லியிருக்கலாமே.”

விக்டோரியா ஊன்றுகோலை மடியில் வைத்துத் தடவினாள். “ஜீப்பு போச்சு, வேலயும் போச்சு. எஞ்சின அழவைக்காத டிரைவருன்னு ஊருல சொல்லுத பேரு ஒண்ணுதான் ஒங்களுக்கு மிச்சம். அத எனக்க வாயால தப்புன்னு சொல்ல மனசு வரல. கம்பி தாங்காதுன்னு டாக்டரு சொன்ன பெறவுதான், வேற ஒருத்தன் ஓட்டி நீங்களே கண்ணால பாக்கட்டுன்னு நினைச்சேன்.”

செல்வதாஸ் உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். மஸ்கட்டுக்குப் போன் போட்டார், ஆன்றோ எடுத்தான். நன்றி என்ற வார்த்தையெல்லாம் நம்ம பக்கம் மேடையில் பேசுகிறவர்களுக்குத்தான் வரும். “மக்கா, வண்டிய விக்கல” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அறையில் அவள் துணி மடித்து வைத்த பையைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டார்.

வெள்ளிக்கிழமை மார்த்தாண்டம் போய்த் திரும்பினார்கள். ஏற்றத்தடியில் செல்வதாஸ் ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்தினார். டீக்கடையில் பத்துப் பேர் இருந்தார்கள், எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஃபர்ஸ்ட் கியர் போட்டார். கால் பாதியில் தயங்கியது. பின்சீட்டில் விக்டோரியா மூச்சுவிடும் சத்தம் கேட்டது. மிதித்தார்.

மலையே திரும்பிப் பார்த்தது. டீக்கடைக்காரர் வெளியே ஓடிவந்தார், மேல் தோட்டத்தில் பால் எடுத்துக்கொண்டிருந்தவன் ஏலே எவன் அது என்று சத்தம் போட்டான். முள் நாலாயிரத்து ஐந்நூறில் நடுங்கியது. செல்வதாஸ் காலை எடுக்கவில்லை. வளைவு தாண்டி, முற்றம் வந்துதான் எஞ்சினை அணைத்தார்.

திரும்பிப் பார்க்காமலே சொன்னார். “இருவத்திரெண்டு வருஷம் எஞ்சினுக்க வலி மட்டும் எனக்குக் கேட்டுது. ரெண்டு மாசம் இந்த ஏத்தத்தில நீ எனக்க பக்கத்தில நடந்த. ஒனக்க வலி கேக்கல பாத்துக்கோ. எனக்க மானத்துக்காவ காலையே குடுக்கத் துணிஞ்சியே நீ. ஒனக்கு நான் என்னத்தச் செய்து தீப்பேன்?”

“ஒண்ணும் செய்யாண்டாம்” என்றாள் விக்டோரியா. குரல் உடைந்திருந்தது. “இறங்கிக் கதவத் திறங்க. நீங்க ஓட்டுன வண்டியில எனக்க வாசல்ல வந்து இறங்கி எம்புட்டு நாளாச்சு.”

செல்வதாஸ் இறங்கிப்போய்க் கதவைத் திறந்து, அவளுக்குக் கையைக் கொடுத்தார்.