அசர் நேரத்துக் குளிப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில் வேலை பார்த்த ஒரு டாக்டர் குடும்பம் மாற்றலாகிக் கண்டிக்குப் போனது. அவர்களுடைய மகளுக்கு நான் வீட்டுக்குப் போய்க் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். அந்த வீட்டுப் பொமரேனியன் நாய் அப்போது குட்டி போட்டிருந்தது. போகிற நேரமெல்லாம் மரியாதைக்கு "நல்ல வடிவான குட்டிகள்" என்று சொல்லி வைப்பேன். வாயைப் பொத்திக்கொண்டு கணக்கை மட்டும் பார்த்திருக்கலாம். லொறியில் சாமான் ஏற்றிய அன்று டாக்டரின் மனைவி ஒரு பிரம்புக் கூடையை என் கையில் வைத்தார். உள்ளே வெள்ளையாக ஏதோ அசைந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பெரிய உபகாரம்" என்று வந்து விழுந்தது. கூடையைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு சாய்ந்தமருதுக்கு வந்து சேரும் வரை, அதைச் சொன்னது நான்தானா என்று திகைத்தபடியே மிதித்தேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. நான் குடியிருந்தது மனைவியின் சீதன வீட்டில். அவள் வாசலிலேயே நின்றாள்.

"இஞ்சாருங்க, நாயா? தொழுற வீட்டுக்கு நாயா கொண்டு வந்திரிக்கீங்க?"

"குட்டிதான். பெரிசா வளராத சாதி."

"வளராட்டியும் வாய் இரிக்கிதானே. அது நக்கின இடமெல்லாம் ஏழு தண்ணி ஊத்த என்னால ஏலா."

நாயின் ஈரம் பட்டால் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரால், கழுவ வேண்டும் என்பது எங்கள் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "நான் கழுவுறன்" என்றேன். எதைக் கழுவப் போகிறேன் என்று அவள் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

"ஒரு மாசம் பாப்பம்" என்றாள். "ஏதும் கரைச்சல் எண்டா, எடுத்து வந்த நீங்களே கொண்டு போய் உட்டிடணும்."

கூடைக்குள் டாக்டரின் மனைவி ஒரு தாளும் வைத்திருந்தார். ஆறு மணிக்குப் பால், பத்து மணிக்கு இது, இரண்டு மணிக்கு அது என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் மணிக்கூட்டைப் பார்த்து யாரும் எதையும் செய்வதில்லை. அதனால் பிரிஸ்டல் அட்டையில் கோடு போட்டு, ஐந்து நேரத் தொழுகைப் பாங்குக்கும் ஒவ்வொரு வேலையாகப் பிரித்து, பாடசாலை நேரசூசி மாதிரியே ஒன்று தயாரித்தேன். விடியற்காலைச் சுபஹுக்கு வளவில் அவிழ்த்து விடுவது, மத்தியான லுஹருக்கு மீன் உதிர்த்த சோறு, மஃரிபுக்குப் பால்மா, இஷாவுக்கு விறகுக் கொட்டிலில் சாக்கு விரித்துப் படுக்கை. பின்னேர அசருக்குக் குளிப்பு. அட்டையைக் குசினிக் கதவில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே என் மேல் பெருமையாக இருந்தது.

அசர் பாங்கு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தொடங்கியதும் குட்டியைத் தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டு போவேன். ஏழு வாளி. எண்ணி எண்ணி ஊற்றுவேன். நாலாவது வாளியில் மண்ணைக் கரைத்து, காது மடலுக்குள்ளும் விட்டுத் தேய்ப்பேன். ஏழாவது முடிந்ததும் அந்தப் பெரிய வெள்ளை மயிரெல்லாம் ஒட்டி, எலியளவுக்கு ஒன்று என் கையில் நிற்கும். ஒரு நாள் கூடத் தவறவிடவில்லை.

குட்டி வந்த மூன்றாவது கிழமையில் ஒரு பின்னேரம். பாங்கின் முதல் சத்தம் வந்ததும் குட்டி நடுங்கியது. நின்ற இடத்திலேயே சிறுநீர் போனது. பிறகு வயிறு தரையில் தேய இழுத்துக்கொண்டு விறகுக்கு அடியில் போய்ப் புகுந்துவிட்டது. கிடுகு வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த அடுத்த வளவுப் பெண்ணுக்கு முகம் வெளிறிவிட்டது.

"பாங்கு சத்தத்துக்கு ஓடுறது ஷைத்தான்தான் புள்ள" என்று என் மனைவியிடம் மெல்லச் சொன்னாள்.

இரண்டும் இரண்டும் நாலு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற நான், அந்த இடத்தில் அதை அப்படியே நம்பினேன். அடுத்த நாளும் அதே நடுக்கம். "நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள கொண்டு போய் உட்டிடுங்க" என்றாள் மனைவி. அவளுடைய குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது.

மறுநாள் பாடசாலை ஆசிரியர் அறையில், மார்க்கம் படிப்பிக்கிற, என் வயதுக்காரரான மௌலவி ஆசிரியரிடம் விஷயத்தை மெதுவாக எடுத்தேன். அவர் தேத்தண்ணீரை ஊதியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அசருக்கு அத என்ன செய்ற நீங்க?"

"குளிப்பாட்டுற. முறையா ஏழு தண்ணி. ஒண்டு மண் தண்ணி."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "நாயையா கழுவின நீங்க?"

"ஓம்."

"நாய் வாய் வச்ச கோப்பையக் கழுவச் சொன்ன, சேர். நாயக் கழுவச் சொல்லல்ல. ஒவ்வொரு நாளுமா?"

மற்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது நாளாக ஒரு பச்சைக் குட்டியை எண்ணி எண்ணித் தண்ணீரில் நனைத்திருக்கிறேன். கணக்கு மட்டும் பிழைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி விறகுக் கொட்டிலுக்கு முன்னால் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். குட்டி ஒரு முழம் தள்ளிப் படுத்திருந்தது. விடியலிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"சுபஹுக்கு நடுங்கல்ல" என்றாள். "லுஹருக்கு வாலாட்டிச்சு. பாங்குக்கு இல்ல இது. உங்களுக்குத்தான் நடுங்குது."

சொல்லி முடிக்க அசர் பாங்கு தொடங்கியது. நான் வெறுங்கையோடுதான் நின்றேன். குட்டி என் கையைப் பார்த்தது, நடுங்கியது, விறகுக்கு அடியில் போய்விட்டது. வெட்கத்தில் எனக்கு அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் எழுந்து போய், ஒரு தேங்காய்ச் சிரட்டையில் மீன்சோறு எடுத்து வந்து விறகோரமாக வைத்தாள். "நீங்க பள்ளிக்குத் தொழப் போங்க" என்றாள். கொண்டு போய் விடுவதைப் பற்றி அதற்குப் பிறகு அவள் கதைக்கவே இல்லை.

அன்றிலிருந்து, பாங்குக்குக் கால் மணி நேரம் இருக்கும்போதே நான் வீட்டை விட்டு இறங்கிவிடுவேன். நான் கண்ணில் படாவிட்டால் குட்டி அசர் பாங்குக்கும் சிரட்டையடிக்கு ஓடி வருகிறது என்று மனைவி சொன்னாள். என் கண்ணால் நான் அதை ஒரு நாளும் பார்த்ததில்லை. பள்ளிவாசலில் முன் வரிசையில் ஒவ்வொரு நாளும் முதல் ஆளாக நான் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, கணக்குச் சேருக்கு இப்போது தொழுகையில் எவ்வளவு பேணுதல் என்று ஆட்கள் பெருமையாகச் சொன்னார்கள். தலையைக் குனிந்துகொண்டு கேட்டிருந்தேன்.