பத்து அங்குலத்தில் ஒரு பாய்லர்

என் வீட்டுக்காரருக்குக் கதைப் புத்தகத்தைத் தானே உட்கார்ந்து படிக்கும் பொறுமை கிடையாது. நான் படிக்க வேண்டும், அவர் கேட்பார். கப்பலில் இஞ்சின் ரூம் வேலை. மாதக்கணக்கில் அந்த இரைச்சலுக்குள் கிடந்துவிட்டு லீவில் வருகிறவருக்கு என் குரல்தான் காதுக்கு மருந்தாம். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்? திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சாயங்காலம் பாயைப் போட்டு உட்கார்ந்தால், எண்ணூர்த் துறைமுகத்தில் இடம் கிடைக்கக் காத்திருக்கும் கப்பல்கள் கிழக்கே தெரியும். அவர் கடலுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்வார். "அத்தப் பாத்துப் பாத்து கண்ணு பூத்துப்போச்சி. நீ படி மே" என்பார். அந்த வார்த்தையை நான் நம்பினேன். நம்ப எனக்கு ஆசையாக இருந்தது.

போன லீவில்தான் ஒரு முடிவு எடுத்தோம். எடுத்தோம் என்ன, நான் எடுத்தேன். கம்பெனி பாய்லரை ஓட்ட அரசாங்கம் வைக்கும் பாய்லர் பரீட்சையை அவர் எழுத வேண்டும். அந்த சர்டிஃபிகேட் கையில் இருந்தால் எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் கரை வேலை கிடைக்கும். காலையில் டிபன் பாக்ஸோடு போய், சாயங்காலம் அழுக்குச் சட்டையோடு வீட்டுக்கு வரும் புருஷன் வேண்டும் எனக்கு. தெருவில் எல்லாருக்கும் இருக்கிறாரே, எனக்கு மட்டும் ஏன் கப்பல் கணக்கில் எழுதிவைத்திருக்கிறது?

பரீட்சைக்கான பாடப் புத்தகம் பிடிஎஃப்பாகக் கிடைத்தது. ஃபோனில் படித்தால் கண் எரிகிறது என்றார். டேப் வாங்கலாம் என்றால் எனக்கு அவரைத் தெரியும், அதில் பாடம் ஓடாது, சினிமாதான் ஓடும். கண்ணை உறுத்தாமல், காகிதம் மாதிரியே தெரியும் மின்நூல் கருவி ஒன்று வாங்குவதென்று தீர்மானித்தோம். நான் பில் போடும் ராயபுரம் மொத்தக் கடையில் கூட வேலை செய்கிறவளிடம் ஆறு அங்குலத்தில் ஒன்று இருந்தது. இரண்டு நாளுக்கு இரவல் வாங்கிவந்தேன். நாவலுக்கு அது அருமை, ஒரு கையில் அடங்கிவிடும். பாய்லர் புத்தகத்தைத் திறந்தால் பேஜாராகிவிட்டது. எழுத்து கடுகு மாதிரி. பெரிதாக்கினால் பாய்லரின் தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அம்புக்குறி எதைக் காட்டுகிறது என்று பார்க்க விரலால் இழுத்தால், திரை யோசித்து யோசித்து நகர்ந்தது.

அவருக்கோ சின்னதுதான் பிடித்திருந்தது. "டூட்டி டிரெஸ் பாக்கெட்ல சொருவிக்கலாம் மே, இதே போதும்."

"பாக்கெட்ல வச்சிக்க அது என்னா பீடிக்கட்டா? படத்த எப்டிப் பாப்பே?"

ரிச்சி தெருவுக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். ஒரு கடைக்காரர் செகண்ட் ஹேண்டில் பத்து அங்குலத்தை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார்.

"கதை படிக்கவா அண்ணே, படிப்புக்கா?" என்று அவரைக் கேட்டார்.

"படிப்புக்குத்தான்" என்று நான் முந்திக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் தன் பென் டிரைவைச் செருகினார். பாடப் புத்தகத்தைத் திறப்பார் என்று பார்த்தால், தன் கப்பல் இஞ்சினின் மேனுவலைத் திறந்தார். வரைபடத்தின் மெல்லிய கோடெல்லாம் திரையில் முழுசாக வந்து நின்றது. "பாத்தியா மே, ஒரு கோடுகூட ஒடையல!" என்று என் தோளைத் தட்டினார். கடைக்காரரைக் கூப்பிட்டு, எண்ணெய் எந்த வழியாக உள்ளே போய் எந்த வழியாகத் திரும்புகிறது என்று விரலால் காட்டினார். பெண் பார்க்க வந்தபோதுகூட அந்த மூஞ்சியில் அவ்வளவு வெளிச்சம் இல்லை. எனக்கு நேரமாகிறது. "சரி சரி, பாய்லரத் தொறய்யா" என்றேன்.

பாய்லரும் முழுசாகத் தெரிந்தது. கலர் இல்லை. பக்கம் திருப்பினால் ஒரு கணம் கறுத்துவிட்டுத்தான் வெளுக்கிறது. ஆனாலும் ஒரு பக்கம் ஒரு பக்கமாகவே இருந்தது. பேனாவால் ஓரத்தில் எழுதவும் முடிந்தது. அதையே வாங்கிவிட்டோம். வீட்டில் மாமியார் பார்த்துவிட்டு, "இன்னாது, இவனுக்கு இப்ப போயி சிலேட்டு வாங்கிக் குடுத்துக்கினு கீறே?" என்று சிரித்தார்.

நானே எல்லாவற்றையும் ஏற்றினேன். முதலில் பாய்லர் புத்தகம். அடுத்து எங்கள் நாவல். அவர் கெஞ்சியதால் இஞ்சின் மேனுவலின் முதல் பாகம். இரண்டாம் பாகம் குறுக்குவாட்டில் ஸ்கேன் செய்யப்பட்டிருந்தது. பக்கம் பக்கமாகத் திருப்பி, சுருக்கித்தான் ஏற்ற வேண்டும். "பரீட்சை முடியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று ஒதுக்கிவைத்தேன். கருவியையும் என் ஃபோனையும் ஒரே கணக்கில் இணைத்திருந்தேன்; நெட் இருந்தால் ஒன்றில் படித்த இடமும் எழுதியதும் மற்றதிலும் தெரியும்.

நாவல் பாதியில் நின்றபோது கப்பலில் சேரச் சொல்லி அழைப்பு வந்துவிட்டது. அந்தக் கதையில் தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருத்தி, மாற்றல் உத்தரவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். வீடு பூட்டியிருக்கிறது, உள்ளே விளக்கு எரிகிறது. அங்கேதான் நிறுத்தியிருந்தோம். "நான் இல்லாம தாண்டக் கூடாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனார்.

நான் தாண்டவில்லை. விம்கோ நகர் மெட்ரோவில் தினம் போக வர உட்கார்ந்திருக்கிறேன், ஃபோனில் அந்த நாவல் இருக்கிறது, அவளோ வாசலிலேயே நிற்கிறாள். வேறு எதையாவது படிக்கலாம் என்றால் மனம் ஒட்டவில்லை. நடுக்கடலிலிருந்து எப்போதாவது அவர் மெசேஜ் வரும். "ரெண்டாம் பாகம் ரெடி பண்ணியா?" என்று கேட்பார். "முதல்ல பாய்லர முடி" என்று பதில் போடுவேன். "படிச்சிகினு கீறேன் மே" என்பார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு என்னென்ன கோட்டை கட்டினேன்! ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க அவரைத்தான் அனுப்ப வேண்டும் என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன்.

பிறகு அவர் கப்பலே நிலக்கரியோடு எண்ணூருக்கு வந்தது. உள்ளே இடம் இல்லை என்று வெளியே நங்கூரம் போட்டுவிட்டார்கள். ஆள் இறங்கக் கூடாது. துறைமுகத்துக்குள் போனால் ஒரு வேளை சோற்றுக்காவது வீட்டுக்கு வந்துபோகலாம். மொட்டை மாடியில் நின்று, நீல உடம்பின்மேல் வெள்ளைக் கட்டடம் வைத்த அந்தக் கப்பலைப் பார்த்தேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அவருக்கு எங்கள் கரையின் சிக்னல் கிடைத்திருந்தது. "ஃபோன் நெட்ட அந்தக் கருவிக்குக் குடு, பழைய பரீட்சைக் கேள்வித்தாள் அனுப்பிக் கீறேன்" என்று மெசேஜ் போட்டேன்.

அங்கே அவர் நெட் கொடுத்தார். இங்கே என் ஃபோனில் பாய்லர் புத்தகத்தைத் திறந்தேன். இன்னொரு கருவியில் இதுவரை படித்திருக்கிறது, அங்கே போகவா என்று திரை கேட்டது. போ என்றேன். பதினோராம் பக்கத்தில் நின்றது.

பதினொன்று! இத்தனை மாதத்தில்! ஆத்திரத்தோடு மேனுவலைத் திறந்தேன். அது கடைசிப் பக்கத்துக்கே கூட்டிக்கொண்டு போனது. ஓரமெல்லாம் அவர் கையெழுத்து, அம்பு, கேள்விக்குறி. ஒரு படத்துக்குக் கீழே "சூப்பர்" என்று எழுதியிருந்தார். கடைசியாக நாவலைத் திறந்தேன். எதுவுமே கேட்கவில்லை. நான் விட்ட இடமும் அவர் விட்ட இடமும் ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் அவர் கூப்பிட்டார். நான் நேராகவே கேட்டேன். "உனக்குக் கரை வேணுமா, வேணாவா? சொம்மா எனக்காகச் சொல்லாத."

"நீ வேணும் மே" என்றார். "வூடு வேணும். ஆனா அந்தப் புக்கத் தொறந்தா மூச்சு முட்டுது. கீழ எறங்கி இஞ்சின் சத்தம் கேட்டாத்தான் நான் நானா கீறேன். இன்னா பண்றதுன்னு தெர்ல."

திட்டுவதற்கு நிறைய சேர்த்துவைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு இயர்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டேன்.

"கதையப் படி மே. அவ இன்னும் வாசல்லயே நிக்கிறா."

படித்தேன். எதிரே அவர் கப்பல், காதில் அவர் மூச்சு. அவள் பக்கத்து வீட்டில் சாவி கேட்கிறாள், இல்லை என்கிறார்கள், ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறாள். அந்த இடத்தில் அவருக்குப் பின்னால் மணி அடித்தது. எண்ணூரில் இடம் கிடையாதாம், ஆந்திரா பக்கம் போகச் சொல்லிவிட்டார்களாம். "இஞ்சின் ரெடி பண்ணணும், எறங்கணும் மே, வச்சிடறேன்" என்றார். அந்தக் குரலில் வருத்தம் இருந்தது. அதற்கு அடியில், ரிச்சி தெருவில் கேட்ட அதே துள்ளலும் இருந்தது. எனக்கா தெரியாது?

லேப்டாப்பை மாடிக்குக் கொண்டுவந்தேன். மேனுவலின் இரண்டாம் பாகத்தை எடுத்து, குறுக்கே கிடந்த பக்கங்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். கண்ணீரில் எழுத்து தெரியவில்லை, படங்கள் தெரிந்தன. அவர் அவசரத்தில் கேபினில் நெட்டை அணைக்காமல் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அனுப்பினேன். கப்பல் மெல்லத் திரும்பி வடக்கே பார்த்தது. அது மறைவதற்குள், கருவிக்குப் போய்ச் சேர்ந்தது என்று திரை சொன்னது.

பாய்லர் புத்தகத்தை அழிக்க மனம் வரவில்லை. நாவலை மட்டும் சில பக்கம் பின்னுக்குத் தள்ளி, அடுத்த லீவுக்கென்று, அவள் வீட்டு வாசலுக்கு வரும் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்திவைத்தேன்.